சுவரை நக்கிய மாடு

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிரியமான சபையாரே. நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரமப்பட வேண்டாம். அதுவும் சாதாரண முட்டாள் இல்லை. எல்லாம் தெரியும் என்று தானே ஒரு வீட்டைக் கட்டி, அதற்குள் பெண்டாட்டியையும் பிள்ளையையும் குடிவைத்த முட்டாள். வேதத்தில் வரும் மணலின்மேல் வீடு கட்டினவனைப் பற்றி உபதேசியார் பேசும்போதெல்லாம் நீங்கள் என் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள். எனக்குத் தெரியும். அந்த மனுஷன் இடத்தைத்தான் தப்பாகப் பார்த்தான். கலவையையாவது ஒழுங்காகக் குழைத்திருப்பான். நான் அதிலும் கோட்டை விட்டவன்.

இந்தச் சாட்சியைச் சொல்லு சொல்லு என்று வெகுநாளாய்க் கேட்கிறீர்கள். நான்தான் மழுப்பிக்கொண்டே வந்தேன். ஏனென்றால் இதில் ஆண்டவருக்கு மகிமை, ஒரு மாட்டுக்குப் பெருமை, எனக்கு மட்டும் தலைகுனிவு. இருந்தாலும் வாங்கிய உதவியை மூடி வைக்கக் கூடாது. சொல்கிறேன்.

என் பெயர் ஏசடியான். ஆம்பூரில் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புக் குழி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, முடி கழன்று வரும்போது வெளியே இழுத்துப் போட வேண்டும். இந்த வேலையில் இரண்டு லாபம். ஒன்று, காலில் கொசு உட்காராது. இரண்டு, கொஞ்ச காலத்தில் மூக்கு செத்துவிடும். அப்புறம் உலகத்தில் எதுவுமே நாறாது. இந்த இரண்டாவது லாபம் எனக்கு என்ன செய்தது என்று பின்னால் வருகிறது.

அப்போது நானும் என் மனைவி சலோமியும் டேனரிக்குப் பின்புறம் ஒரு கூரை வீட்டில் குடக்கூலிக்கு இருந்தோம். மண் சுவர். மழைக்காலம் வந்தால் சுவரில் ஓதம் ஏறும். பாயை எந்தப் பக்கம் விரித்தாலும் விடியும்போது அடியில் ஈரம். எங்கள் மூத்தவள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். நன்றாகச் சிரிப்பாள். ஐப்பசியில் அவளுக்கு மார்ச்சளி கண்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவர்களால் ஆனதைச் செய்தார்கள். மழை விடுவதற்குள் பிள்ளை போய்விட்டாள்.

இதில் எனக்கு வேடிக்கை பேச வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்து வந்த அன்று சலோமி சுவரோரம் உட்கார்ந்தாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “இன்னொன்னு பொறந்தா, காஞ்ச செவுத்துக்குள்ளதான் படுக்க வெப்பேன். இல்லாட்டி எனக்கு வேணாங்க.”

அவள் கேட்டது நகையும் இல்லை, புடவையும் இல்லை. காய்ந்த சுவர். ஆண்டவரே, இவளுக்கு ஒரு காய்ந்த சுவரைக் கொடும் என்று அன்றே ஜெபிக்கத் தொடங்கினேன். ஜெபித்ததோடு நிறுத்தியிருக்கலாம். வீடு கட்டவும் தொடங்கினேன்.

மனை இருந்தது. சலோமியின் அப்பா அணைக்கட்டு என்ற ஊரில் பயிர் செய்கிறவர். ஆற்றுப் பாதையில் ஓரமாய் ஒரு துண்டு நிலத்தை மகளுக்கென்று எப்போதோ வாங்கிப் போட்டிருந்தார். செங்கல்லுக்கும் வழி பிறந்தது. சுவர் எழுப்பக் கன்னையன் என்ற கொத்தனாரைக் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரர். வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. மூக்குப்பொடி போட்டுக்கொண்டு தும்மினார் என்றால் சாரம் ஆடும்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. வீடு கட்ட என்ன வேண்டும்? சுண்ணாம்பு. கலவை இறுக என்ன வேண்டும்? கடுக்காய்த் தண்ணீர். அட, இரண்டுமே நம் பிழைப்பாயிற்றே! காலையிலிருந்து நான் நிற்பது சுண்ணாம்பில். பக்கத்துத் தொட்டியில் தோலுக்காக ஊறுவது கடுக்காய். தோல் எடுத்து முடிந்த குழியின் அடியில் தேங்கி நிற்கும் சுண்ணாம்பை வாரி ஆற்றுப்பக்கம் கொட்டுவார்கள். பார்க்க வெண்ணெய்போல இருக்கும். அதில் மாட்டு முடி வேறு கலந்து கிடக்கும். பூச்சு வெடிக்காமலிருக்க முடி சேர்ப்பார்கள் என்று யாரோ சொல்லிக் காதில் விழுந்திருந்தது. ஆக, ஆண்டவர் எனக்கென்றே கலந்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். டேனரியில் வேலை செய்கிற எவனும் எப்போதாவது ஒருநாள் இந்த யோசனையைப் பண்ணியிருப்பான். செய்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

டேனரி மேஸ்திரி சாயபுவிடம் கேட்டேன்.

“அரே ஏசடியா, இத நாய்கூட கேக்காது. எடுத்துக்கோ. ஆனா இத வெச்சி இன்னா பண்ணப் போற?”

“வூடு கட்டப் போறேன் சாயபு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வூட்டுக்கு முடி கொட்டாம பாத்துக்கோ, தோஸ்த்” என்று போய்விட்டார்.

வண்டி வண்டியாய்க் கொண்டுவந்து மனையில் கொட்டினேன். கன்னையன் வந்தார். குனிந்து ஒரு பிடி எடுத்தார். விரலால் தேய்த்தார். உடனே உதறினார்.

“யோவ், இது செத்த சுண்ணாம்புய்யா. ஒரு தபா வேல செஞ்சி முடிச்சிடுச்சி. இனிமே புடிக்காது.”

“கன்னையா, நீ நேத்து வேல செஞ்சியே. இன்னைக்கு செய்ய மாட்டியா?”

“செய்ய மாட்டேன்” என்றார். கொத்துக்கரண்டியை எடுத்து இடுப்பில் செருகினார். “உன் டேனரில தோல பதம் பண்ண நான் வந்தா விடுவியா? நீ மட்டும் என் வேலைக்கு வர்ற. கட்டிக்க, ராஜா. நல்லாக் கட்டிக்க.”

போய்விட்டார். நான் அதை ஒரு நஷ்டமாக நினைக்கவில்லை. இரண்டு டேனரித் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு நானே கட்டினேன். வீடு கட்டப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு பாடம் உண்டு: கொத்தனார் கோபித்துக்கொண்டு போனால், பின்னாலேயே ஓடுங்கள். அவர் எதற்காகக் கோபித்தார் என்பதில்தான் உங்கள் வீடு நிற்கிறது.

சித்திரை வெயிலில் சுவர் எழும்பியது. வெயிலில் எதுதான் காயாது? தட்டினால் கல்போலச் சத்தம் கேட்டது. பின்சுவர் மட்டும் ஒரு பக்கம் இலேசாக வளைந்திருந்தது. நான் பார்க்கும் கோணம் தப்பு என்று வைத்துக்கொண்டேன். பனங்கைச் சட்டம் வைத்துக் கூரை போட்டு, வேலூர் லாங் பஜாரில் வாங்கிய பூட்டை வாசலில் மாட்டி, ஆவணியில் குடிபோனோம். சலோமிக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் கால் வைத்ததும் முந்தானையால் மூக்கை மூடினாள்.

“இன்னாங்க, வூடு நாறுது.”

நான் சுற்றிச் சுற்றி முகர்ந்து பார்த்தேன். என் தோழர்கள் இருவரும் முகர்ந்து பார்த்தார்கள். மூன்று டேனரி மூக்குகள் சேர்ந்து வீடு மணக்கிறது என்று தீர்ப்புச் சொன்னோம். சலோமி சுவரண்டை போய் உள்ளங்கையை வைத்தாள்.

“ஈரமா இருக்கு” என்றாள்.

“புது வூடு. கொஞ்சம் வேர்க்கும்” என்றேன்.

அன்றிலிருந்து தினமும் அவள் எழுந்ததும் முதல் வேலை அதுதான். சுவரில் கை வைப்பாள். ‘ஈரமா இருக்கு’ என்பாள். நான் ஏதாவது காரணம் சொல்வேன். பனி என்பேன். ஆற்றுக் காற்று என்பேன். ஒருநாள் காரணம் தீர்ந்துபோய், “உன் கைதான் ஈரம்” என்றேன். அவள் கையை என் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

உண்மை என்னவென்றால், பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புத் தடவித்தான் டேனரிக்கு வரும். அந்த உப்பெல்லாம் கழுவி இறங்குவது குழியில். குழிச் சுண்ணாம்பு முழுக்க உப்பு. உப்பு எங்கே இருக்கிறதோ அங்கே காற்றிலுள்ள ஈரம் வந்து உட்காரும். எனக்கு இது தெரியாதா? என் கால் வெடிப்பில் தினமும் எரிகிற உப்புத்தானே. காலுக்குத் தெரிந்தது தலைவரை ஏறவில்லை.

ஆனால் இது தெரிந்த ஜீவன் ஒன்று பக்கத்தில் இருந்தது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் முனியம்மா என்று ஒரு பால்காரம்மா. புருஷன் இல்லை. நாலைந்து மாடு வைத்துப் பிழைக்கிறவர். அவர்கள் தெருவுக்குள் எங்களைப் போன்றவர்கள் போவதில்லை. போக விடுவதும் இல்லை. பேச்செல்லாம் கால்வாய்க்கு மேலேதான். அவருடைய செவலைப் பசு ஒன்று மேய்ச்சலுக்குப் போகிற வழியில் என் பின்சுவரண்டை நின்றது. நாக்கை நீட்டியது. சரக்கென்று ஒரு இழுப்பு. கண்ணை மூடி ருசி பார்த்தது. அவ்வளவுதான். மேய்ச்சலை மறந்துவிட்டது.

தினமும் வரும். உள்ளே நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் வெளியே அதுவும் சாப்பிடும். சரக், சரக். உப்புத்தாள் வைத்து மரத்தைத் தேய்ப்பதுபோல. என் வீட்டை ஒரு மாடு தின்றுகொண்டிருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? கால்வாய்க் கரையில் நின்று கத்தினேன்.

“இந்தாம்மா! உன் மாடு என் செவுத்த நக்குது!”

“நக்கினா இன்னா? தேஞ்சா பூடும்?”

“தேஞ்சிதான் போச்சி! வந்து பாரு, கைய வுட்டா உள்ள போற அளவுக்குப் பள்ளம்.”

முனியம்மா சாவகாசமாக வெற்றிலையைத் துப்பினார். “ஊர்ல இத்தினி வூடு கீது. எந்த வூட்டாண்டயும் நிக்காத மாடு உன் வூட்ட நக்குதுன்னா, கோளாறு மாட்டுலயா, வூட்டுலயா?”

இந்தக் கேள்வியை அன்றே நான் வீட்டுக்கு எடுத்துப்போய் யோசித்திருந்தால் இந்தச் சாட்சி இவ்வளவு நீளம் ஆகியிருக்காது. நான் யோசிக்கவில்லை. சாணி பூசினேன். சாணியோடு சேர்த்து நக்கியது. வேப்பிலை அரைத்துப் பூசினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, மருந்து சாப்பிடுகிற குழந்தைபோல நக்கியது. மிளகாய் அரைத்துப் பூசினேன். அதில் மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கையோடு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கால்வாயில் தலையை விட்டுக் கிடந்தேன். முனியம்மா அக்கரையிலிருந்து, “மாடு இங்கதான் கீது, நீ எங்க தேடற?” என்றார்.

கடைசியில் ஜெபக்கூட்டத்தில் எழுந்தேன். எனக்காக ஜெபியுங்கள் என்றேன். என்ன பாரம், சகோதரனே என்று உபதேசியார் உருக்கமாய்க் கேட்டார். ஒரு மாடு, ஐயா என்றேன். அன்று யாரும் கண்ணை மூடி ஜெபிக்கவில்லை. மூடினால் சிரிப்பு வருகிறதாம்.

புரட்டாசியில் மகன் பிறந்தான். வீட்டிலேயே, சுகமாய். சலோமியின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சம் பார்த்தேன். பிள்ளைக்குத் தூளி கட்ட வேண்டும். அவள் வாசல் பக்கம் காட்டினாள். அங்கே காற்று அடிக்கும் என்று நான்தான் பின்சுவர் ஓரமாய்ப் பனங்கையில் கட்டினேன். நான்தான் கட்டினேன் என்பதை நினைவில் வையுங்கள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. சுவர் வேர்த்ததெல்லாம் போய் அழத் தொடங்கியது. உள்பக்கம் வெள்ளையாய்ப் பூத்து, கோடு கோடாய் வழிந்தது. கை வைத்தால் கலவை தயிர்போல ஒட்டிக்கொண்டு வந்தது. சலோமி இப்போது ‘ஈரமா இருக்கு’ என்று சொல்வதையும் நிறுத்திவிட்டாள். கையை மட்டும் வைப்பாள். எடுப்பாள்.

பிறகு பிள்ளை இருமினான்.

எனக்குத் தெரிந்த இருமல் அது. அதே ஐப்பசி. அதே சின்ன நெஞ்சு. சலோமி பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பார்த்தாள், அவ்வளவுதான். அணைக்கட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றால் வழியெல்லாம் வெள்ளம். வண்டிக்காரர்கள் கையை விரித்தார்கள். மோட்டார் பஸ்ஸும் ஓடவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் டேனரிக்கு வெள்ளிதான் லீவு. மத்தியானம். மழை சற்று ஓய்ந்து தூறலாய் இருந்தது. நான் பின்சுவரைப் பார்த்து முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, என் முதல் பிள்ளையைக் கேட்டீர், கொடுத்தேன். இவனைக் கேட்காதேயும். இவனுக்கு ஒரு காய்ந்த இடம் கொடும். இந்தச் சுவரைத் தாங்கும். அப்படியே வாய் தானாகப் போய் வழக்கமான விண்ணப்பத்தில் நின்றது: அந்த மாட்டை இங்கிருந்து ஒழித்துக்கட்டும்.

அதே நேரம் சலோமி பிள்ளையின் ஈரத் துணியை அவிழ்த்துவிட்டு, வேறு துணி எடுக்க அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். வீட்டில் உலர்ந்த துணி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதை வாசல் தாழ்வாரக் கொடியில் போட்டிருந்தாள். தொங்க வேண்டிய துணி தொங்கவில்லை. செவலை நின்றிருந்தது. பின்சுவர்ப் பக்கம் போகாமல் அன்றைக்கென்று முன்வாசலுக்கு வந்திருந்தது. துணியில் பாதி அதன் வாய்க்குள்.

“ஐயோ, புள்ள துணி! வாங்களேன்! அது முழுங்குது!”

அந்த ஒரு துணிக்காக அவள் அழுததுபோல ஒரு அழுகையை நான் கேட்டதே இல்லை. பிள்ளையோடு தூறலில் இறங்கி மாட்டின் பின்னால் ஓடினாள். நான் ஜெபத்துக்கு ஆமென் கூடச் சொல்லாமல், மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிள்ளைக்குப் பிடிக்க இல்லை, மாட்டை அடிக்க. வேலி தாண்டி ஆற்றுப் பாதை வரை ஓடியிருப்போம். துணியின் ஒரு முனையைச் சலோமி பிடித்தாள். மறுமுனை மாட்டிடம். நான் குடையை ஓங்கினேன்.

பின்னால் ஒரு சத்தம். பெரிய இடிச்சத்தமெல்லாம் இல்லை. நனைந்த தோல்கட்டு ஒன்றை வண்டியிலிருந்து இறக்கிப் போட்டால் வருமே, தொப்பென்று, அதுபோல.

திரும்பிப் பார்த்தோம். பின்சுவர் இல்லை. உட்பக்கமாக முழுசாய் விழுந்திருந்தது. மேலே இருந்த பனங்கைகளும் கூரையும் அதன்மேல் உட்கார்ந்திருந்தன. தூளி கட்டியிருந்த பனங்கை முறிந்து கல்லுக்கு அடியில் கிடந்தது. நான் முழங்காலில் நின்ற இடம் எது என்று அடையாளம் தெரியவில்லை.

மாடு துணியை விட்டுவிட்டது. சும்மா நின்று எங்களைப் பார்த்தது. நான் ஓங்கிய குடையோடு அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன். ஒழித்துக்கட்டும் என்று ஜெபித்து வாய் மூடவில்லை. அதற்குள் அவர் அதை எங்களிடமே அனுப்பி வைத்திருக்கிறார். அழுதேன். சிரித்தேன். எது எப்போது என்று தெரியவில்லை. சலோமி பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள்.

முனியம்மா கால்வாயின் குறுக்கே போட்டிருந்த பலகையில் ஓடிவந்தார். “என் மாடு எங்கய்யா? என் மாட்ட இன்னா பண்ண?” என்றுதான் வந்தார். குடையைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

“பச்ச புள்ளக்காரி நனையற. வா இந்தாண்ட” என்று சலோமியின் கையைப் பிடித்தார். சலோமி தயங்கினாள். அந்தப் பலகையை நாங்கள் தாண்டியதில்லையே.

“வான்றேன்ல” என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

தன் மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம் ஒதுக்கிக் கொடுத்தார். சுற்றிலும் வைக்கோல் போர். மாடுகளின் மூச்சுக் காற்றே வெதுவெதுப்பாய் இருந்தது. காய்ந்த வைக்கோலில், காய்ந்த கோணியில், பிள்ளையைப் படுக்க வைத்தோம். அது போதுமா என்று நான் கேட்கவில்லை. நம் ஆண்டவருக்கே போதுமாயிருந்த இடம். முனியம்மா ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து நெஞ்சில் ஒற்றடம் கொடுத்தார். மழை நின்ற அன்று பிள்ளை இருமாமல் தூங்கினான். நான் கேட்ட காய்ந்த இடம் கிடைத்துவிட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

மழை விட்டதும் கன்னையனிடம் போனேன். காலில் விழத் தயாராய்ப் போனேன். அவர் விழவிடவில்லை, வந்து இடிபாட்டைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ஒரு செங்கல்லை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த கலவை விரல் பட்டதும் வழிந்துபோனது. உள்ளே கல் புதிதுபோல இருந்தது.

“பாத்தியா? நல்ல கலவையா இருந்தா கல்ல ஒடச்சிதான் பிரிக்கணும். உன் கலவ ஒரு கல்லக்கூடப் புடிக்கல. அத்தினியும் முழுசாக் கீது. உன் முட்டாத்தனம்தான் கல்ல காப்பாத்திச்சி.”

சகோதரர்களே, நம்முடைய முட்டாள்தனத்தைக்கூட வீணாக்காத தேவன் நம்முடைய தேவன். மற்ற சுவர்களையும் நாங்களே தள்ளினோம். தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை, சாய்ந்து நின்றாலே போதும்.

கற்களை ஆற்றோட்டத்தில் நாள்கணக்கில் போட்டு உப்பைக் கழுவினோம். சுண்ணாம்புக் கல்லை மாதனூர்ப் பக்கத்துச் சூளையிலிருந்து வண்டியில் கொண்டுவந்து, கன்னையன் சொன்னபடி தண்ணீர் விட்டு நீற்றி, குழியில் மூடிவைத்துப் பக்குவப்படுத்தினோம். கடுக்காய் புதிதாய் இடித்து ஊறவைத்தது. ஆனால் உப்பு போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணுக்குத் தெரியாது. என் மூக்கு செத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். டேனரிக்காரன் நாக்குக்கு எல்லாமே உப்புத்தான்.

அப்போதுதான் ஆண்டவர் எனக்கு ஒரு வழி காட்டினார். முனியம்மாவிடம் போய், “அம்மா, செவலைய கொஞ்சம் அனுப்பு” என்றேன்.

“இன்னாத்துக்கு? மறுபடி மொளகா பூசறதுக்கா?”

“கல்ல பாக்கறதுக்கும்மா.”

கழுவிக் காயவைத்த கற்களிலிருந்து அங்கங்கே எடுத்து வரிசையாய் வைத்து மாட்டை விட்டேன். நக்கினால் மறுபடி ஆற்றுக்கு. முகர்ந்துவிட்டு நகர்ந்தால் சுவருக்கு. கன்னையன் முதலில் சிரித்தார். பிறகு அவர் கிட்டத்தில் கிடைக்கிறதே என்று டேனரி வாய்க்கால் கலக்கிற இடத்திலிருந்து ஒரு வண்டி மணல் கொண்டுவந்து கொட்டினார். செவலை நேராய்ப் போய் அதில் நாக்கை வைத்து, வைத்ததை எடுக்கவே இல்லை.

“இன்னா கன்னையா, செவலை மேஸ்திரி ஒத்துக்கலயே” என்றேன்.

அவர் பொடியைப் போட்டுப் பெரிதாய்த் தும்மினார். வண்டியை மேலாற்றுக்குத் திருப்பினார். கலவைத் தண்ணீருக்கும் உப்பேறிப்போன எங்கள் பக்கத்துக் கிணற்றை விட்டு, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சுமந்தோம். அதையும் செவலைதான் முதலில் குடித்துப் பார்த்தது. வீடு கட்டுகிறவர்களே, தூக்குக் குண்டு வைத்திருங்கள், மட்டப்பலகை வைத்திருங்கள். எங்கள் பக்கத்தில் கட்டுவதாயிருந்தால் ஒரு மாடும் வைத்திருங்கள்.

பங்குனியில் மறுபடி குடிபோனோம். இந்தத் தடவை கூரைக்கு நாட்டு ஓடு. ஜெபம் பண்ண நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். முனியம்மாவும் வந்தார். கால்வாய்ப் பலகையைத் தாண்டி வந்து, வாசலோடு நிற்காமல் உள்ளே வந்து, எங்கள் பாயில் உட்கார்ந்து, எங்கள் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுவர் எழும்பியதைவிட எனக்கு அது பெரிய அற்புதம். “அம்மா, உன் மாடு ஆண்டவர் அனுப்பின தூதரம்மா” என்றேன். “அப்ப தூதருக்குப் புண்ணாக்கு வாங்கியா” என்றார். இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு என்னிடம் சில மாறுதல்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன். வீட்டில் யாராவது நாறுகிறது என்றால் நம்புகிறேன். ஜெபிக்கும்போது, இதை ஒழித்துக்கட்டும், அதை ஒழித்துக்கட்டும் என்று ஆண்டவருக்கு வழி சொல்லிக் கொடுப்பதில்லை. என் பாரம் இது ஆண்டவரே என்று வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அவர் என் விண்ணப்பத்தைக் கேட்டபடியே நிறைவேற்றியிருந்தால் அன்றைக்கு மாடு இருந்திருக்காது. நாங்களும் இருந்திருக்க மாட்டோம்.

உங்களில் யாருடைய சுவர் இன்று அழுகிறதோ, யாருடைய பிள்ளை இருமுகிறதோ, எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். தைரியமாய்க் கேளுங்கள். பதில் வரவில்லை என்று சோர்ந்து போகாதிருங்கள். ஒருவேளை அது ஏற்கெனவே உங்கள் வாசலில் வந்து நின்று உங்கள் துணியை மென்றுகொண்டிருக்கலாம். குடையை ஓங்குமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

போன ஐப்பசியில் மழை எப்படிப் பெய்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆறு கரைபுரண்டு ஓடியது. விடிந்தும் விடியாமலும் கண் விழித்தேன். மகன் பாயில் கைகால் விரித்து, இருமாமல், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். சலோமி எழுந்து பின்சுவரண்டை போனாள். உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. பொறுக்காமல் எழுந்து உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“காஞ்சிருக்கு, போய் வேலயப் பாருங்க.”